ஆடு ஒன்பது, வருகிறேன்

கல்கத்தாவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் அண்ணனைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போனேன். திரும்பி வருவதற்கு இரண்டு டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிய ஆள் நான். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "ரெண்டு பேரா வந்து இறங்குங்க கம்பவுண்டரே" என்றுதான் வழியனுப்பினார்கள்.

லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் நான். பகல் பொழுது பிரச்சினை இல்லை. மாடு வாயில்லா ஜீவன். அதற்கும் சேர்த்து அதன் சொந்தக்காரர் பேசித் தீர்த்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால்தான் ஒரு சத்தமும் இருக்காது. மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. ஒரே பெண்ணைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. நானே சோறு வடித்து, நானே பரிமாறி, நானே 'போதும்' என்று சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிற வாழ்க்கை.

எனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு ஆடு புலி ஆட்டம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: முக்கோணக் கட்டம், இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு வெட்டுப்பட்டது. ஆடுகள் சேர்ந்து நின்று புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கழற்சிக்காய். நானும் சுந்தரம் அண்ணனும் பல் விழுந்து முளைத்த வயசிலிருந்து ஆடியது. இந்த ஆட்டத்தில் ஒரே ஒரு குறை, இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அண்ணன் ரயில்வேயில் வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்குப் போனார். போய் எட்டு வருஷம் கழித்து ஒருநாள் அவரிடமிருந்து ஒரு போஸ்ட் கார்டு. அதில் ஆடு புலிக் கட்டத்தைப் பென்சிலால் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் நம்பர் கொடுத்திருந்தார். கீழே, "புலி உனக்கு. ஆடு எனக்கு. ஆடு நாலு. உன் முறை." அவ்வளவுதான். அன்று ஆரம்பித்தது, இருபத்திரண்டு வருஷமாகக் கார்டிலேயே ஆடுகிறோம். ஒரு கார்டுக்கு ஒரு காய். ஒரு ஆட்டம் முடிய இரண்டரை வருஷம் ஆகும். முறை தவறி யாரும் எழுதக் கூடாது, அது எங்கள் சட்டம். என் மனைவி செத்தபோது என் முறை. விஷயத்தை எழுதி, கீழே 'புலி ஏழு' என்று எழுதினேன். அண்ணன் நாலு வரி ஆறுதல் எழுதி, கடைசியில் 'ஆடு பதிமூன்று' என்று முடித்திருந்தார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த நாலு வரியைவிட எனக்கு அந்தப் பதிமூன்றுதான் தெம்பாக இருந்தது.

போன சித்திரையில் வந்த கார்டு அண்ணன் கையெழுத்தில் இல்லை. கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருந்தது. அவர் மகள் மாலதி எழுதியது. கல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பெண். கார்டு இதுதான்: "ரிட்டயர் ஆகிவிட்டது. குவார்ட்டர்ஸ் காலி செய்ய வேண்டும். கண் சரியாகத் தெரியவில்லை. ஆடு ஒன்பது. வருகிறேன்."

வருகிறேன்! அண்ணியும் காலமாகிவிட்டார், வேலையும் முடிந்தது, வீட்டையும் காலி செய்கிறார், வருகிறேன் என்கிறார். இதைவிட ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? இன்னொன்று, ஒன்பதில் ஆட்டை வைத்தது சுத்தத் தப்பு. என் புலி கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். அண்ணன் அப்படி வைக்கிறவரே இல்லை. ஊருக்கே வரப்போகிறோம், இனிக் கார்டு ஆட்டம் எதற்கு என்று ஏனோதானோவென்று வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பதில் போடவில்லை. வரப்போகிறவருக்கு எதற்குப் பதில்? உள் அறைக்கு வெள்ளையடித்தேன். இன்னொரு கயிற்றுக் கட்டில் வாங்கினேன். அம்மி கொத்துகிற ஆளைப் பிடித்து, கிணற்றடிக் கல்லில் கட்டத்தைச் செதுக்கச் சொன்னேன். ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி ஆடியும் போச்சு. ஆளும் வரவில்லை, கார்டும் வரவில்லை. ஆவணியில் லீவ் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டேன்.

ரயில் கல்கத்தாவை நெருங்கிய காலையில் ஒரு யார்டில் வந்து சிக்னலுக்கு நின்றது. எட்டிப் பார்த்தால், 'சாந்த்ராகாச்சி' என்று போர்டு. இருபத்திரண்டு வருஷமாகக் கார்டில் நான் எழுதுகிற ஊர்! எங்கே திரும்பினாலும் தண்டவாளம். கூட்ஸ் வண்டிகள் மாட்டுச் சந்தையில் மாடு நிற்கிற மாதிரி வரிசை வரிசையாக நின்றன. பெட்டியில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு குதித்துத் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார்கள். எனக்கும் குதித்துவிடலாம் என்று கால் துறுதுறுத்தது. ஆனால் டிக்கெட் ஹௌராவுக்கு எடுத்திருக்கிறேனே! சட்டப்படி நடக்கிற என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அரை மணி நேரம் அண்ணன் வீட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஹௌராவரை போய் இறங்கி, லோக்கல் வண்டி பிடித்து அதே சாந்த்ராகாச்சிக்குத் திரும்பி வந்தேன்.

நடுவில் ஹௌராவில் ஒரு டீ. மண் குவளையில் கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் குழாயடியில் நன்றாகக் கழுவி மரியாதையாகக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் என்னையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கித் தரையில் ஒரே போடு, சுக்குநூறு. எங்கள் ஊர்க் குயவர் பார்த்திருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்.

குவார்ட்டர்ஸைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. நம்பர் சரியாக இருந்தது. வாசல் படிச் சிமெண்டில் ஆணியால் கீறிய முக்கோணக் கட்டமும் இருந்தது.  கதவைத் தட்டினால் முன்பின் தெரியாத ஒரு வங்காளி அம்மாள். நான் "சுந்தரம், சுந்தரம்" என்கிறேன், அவர் ஏதோ சொல்கிறார், ஒன்றும் புரியவில்லை. என்னை உட்காரவைத்து, ஒரு கிண்ணத்தை நீட்டி, "முடி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தால் நம் அரிசிப் பொரி! கடுகெண்ணெய் விட்டு, வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிசறியிருந்தது. அதன் பெயர் இங்கே முடியாம். கடுகெண்ணெய் காரம் மூக்கு வழியாக உச்சி மண்டைக்கு ஏறியது. ஆனால் பசி, ஒரு பொரி மிச்சம் வைக்கவில்லை.

அதற்குள் அவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தமிழ் அம்மாளைக் கூட்டி வந்தார். கும்பகோணத்துக்காரர்.

"சுந்தரம் சாரோட தம்பியா? அவங்க காளிகாட்டுக்குக் குடிபோய் மூணு மாசம் ஆச்சுங்களே! மக வீட்டோட இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. எழுதலை."

"போறப்போ போஸ்ட்மேன்கிட்ட நூறு தடவை சொல்லிட்டுப் போனாங்க, தம்பிகிட்டேருந்து கார்டு வரும், காளிகாட்டுக்கு அனுப்பிடுன்னு. இப்பவும் ஆள்விட்டுக் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க."

சட்டைப் பையில் இருந்த இரண்டு டிக்கெட்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாள் விலாசத்தை எழுதிக் கொடுத்து, மூன்று முறை படித்தும் காட்டினார்.

அந்தச் சீட்டைக் காட்டியிருந்தால் போதும். என் அதிகப் பிரசங்கித்தனம், ஹௌராவில் டிராம் கண்டக்டரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் "காளி மந்திர்" என்று சொல்லித் தொலைத்தேன். மனுஷன் தங்கமானவர். என்னைப் பக்கத்திலேயே நிற்கவைத்து, கூட்டத்தை விலக்கி, பத்திரமாக ஒரு காளி கோவில் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அது ஊரின் வடகோடியில் இருக்கிற வேறு காளி. எங்கள் பக்கத்தில் மாரியம்மன் கோவில் எங்கே என்று கேட்கிற மாதிரிதான் இதுவும் என்று எனக்கு எப்படித் தெரியும்? பிறகு சீட்டைக் காட்டி, பஸ் மாறி, பாதாள ரயிலுக்காக ஊரையே குடைந்து போட்டிருந்த சேற்றில் கால் வைத்து, ஒரு செருப்பை அந்தப் பள்ளத்துக்கே தானம் கொடுத்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குக் காளிகாட்டு சந்துக்குள் நுழைந்தேன்.

மாலதி வீடு மாடியில். கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. மொட்டை மாடியில் பேச்சுக் குரல் கேட்டு ஏறினேன். இரண்டு பேர் தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கனத்த கண்ணாடியும் வேட்டியுமாக ஒரு வங்காளி. இன்னொருவர் தரைக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு எதையோ தடவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. காதைப் பார்த்துத்தான் அண்ணன் என்று தெரிந்துகொண்டேன். எங்கள் அப்பாவின் காது அது.

என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து, "கே?" என்றார்.

யார் என்று வங்காள மொழியில் கேட்கிறார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாலதியோடு ஊருக்கு வந்தபோது பார்த்த அண்ணன், தம்பியைப் பார்த்து முதலில் கேட்ட வார்த்தை அது. 

"நான்தாண்ணே. மணி."

 கையில் இருந்த செங்கல் துண்டைக் கீழே வைத்தார்.

"உன் முறைதானேடா? ஏன் போடலை?"

கட்டிப் பிடித்துக்கொண்டோம், அழுதோம் என்றெல்லாம் எழுதினால் அது பொய். நான் "குடிக்கத் தண்ணி குடுங்கண்ணே" என்றேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டே கீழே போய்க் கொண்டுவந்தார். எதிரே இருந்தவர் கீழ் வீட்டுக் கோஷ் பாபு. அவர்கள் ஆடிக்கொண்டிருந்தது பாக்பந்தி. வங்காளத்தில் நம் ஆடு புலிக்கு அதுதான் பெயராம். அங்கே கட்டம் சதுரம். புலி இரண்டே இரண்டு. தினமும் மத்தியானம் ஆடுகிறார்களாம். தினமும்! எனக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு காய், இவருக்கு ஒரு நாளைக்கு ஒரு முழு ஆட்டம். கோஷ் பாபு சிரித்த முகமாய் எனக்குக் கும்பிடு போட்டார். பதிலுக்குக் கும்பிட்டேனே தவிர, அந்த மனுஷனை எனக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

மாலதி ஆபீஸிலிருந்து வந்ததும் "சித்தப்பா!" என்று ஒரு கூவல். அவள் புருஷன் வங்காளிப் பையன், வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான். சாதம், பருப்பு, எனக்காகக் கடுகெண்ணெய் இல்லாமல் ஒரு பொரியல், ரோகு மீன் குழம்பு. மீனில் கத்தை கத்தையாக முள். அண்ணன் கண் தெரியாமலே நாக்கால் முள்ளை ஒதுக்கிச் சாப்பிட்டார். நான் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டும் இரண்டு முறை விக்கினேன். சாப்பாட்டுக்கு நடுவில் கரண்ட் போனது. லோட் ஷெடிங் என்று மாலதி சலிப்பில்லாமல் அரிக்கேனை ஏற்றினாள். அந்த வெளிச்சத்தில்தான் நான் பேச்சை எடுத்தேன்.

"எப்பண்ணே கிளம்பலாம்? திங்கக்கிழமைக்கு டிக்கெட் இருக்கு. ரெண்டு."

"எங்கே?"

"எங்கேயா? நம்ம ஊருக்குத்தான். நீங்கதானே வரேன்னு எழுதினீங்க?"

அண்ணன் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. நான் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து மாலதியிடம் கொடுத்தேன். வியர்வையில் நனைந்து நனைந்து நாலு மூலையும் மொட்டையாகிப் போன கார்டு. அவள் அரிக்கேன் பக்கம் பிடித்துப் படித்தாள்.

"நான் எழுதின சிட்டி. ஆடு ஒன்பது, வருகிறேன்." கடிதத்தை அவள் சிட்டி என்பாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. "சிட்டி முடிக்கணும் இல்லையா சித்தப்பா? அப்பா 'சரி, வரேன்னு போடு'ன்னாங்க. நான் நல்ல தமிலா இருக்கட்டும்னு 'வருகிறேன்'னு போட்டேன். தப்பா?"

"உத்தரவு வாங்கிக்கிறதுக்குத்தான்டா சொன்னேன்" என்றார் அண்ணன்.  "வாசப்படி இறங்கறப்போ வரேன்னு சொல்றோமே, அது மாதிரி."

நான்கு மாதமாக என் வீட்டில் வெள்ளையடித்து வைத்திருக்கிற அறை, கட்டில், கல், எல்லாம் இந்த ஒரு வார்த்தையின் மேல் நின்றன. யாரைக் குறை சொல்வது? ஊரில் மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது நானே தினம் பத்து வீட்டில் 'வரேங்க' என்று சொல்கிறேன். திரும்பி வருவேன் என்றா அதற்கு அர்த்தம்? வாயால் சொன்னால் எனக்கு விளங்கியிருக்கும். அந்தப் பெண் பாவம், பரீட்சை எழுதுகிற மாதிரிச் சுத்தமாக எழுதிவிட்டாள்.

"அந்த ஒன்பது?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒன்பதில என்ன?"

"என் புலி வெட்டிடும்ணே."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் கட்டத்தைப் போட்டுப் பார்த்தார். "அட, ஆமாம்டா. கட்டம் சரியாத் தெரியலை. ரெண்டு கண்ணிலும் புரை. குளிர் வந்ததும் ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

இரண்டாம் நாள் காலையில் மாலதி ஆபீஸ் கிளம்பும்போது, "பாபா, ஆஷ்சி" என்றாள். அண்ணன் "ஏஷோ" என்றார். அவள் போனதும், "கேட்டியா? வரேன்னு அவ சொல்றா, வான்னு நான் சொல்றேன். இங்கேயும் அதேதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று என்னைக் கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். நான் செருப்பு வாங்க வேண்டும். யார் யாரைக் கூட்டிப் போனார் என்று சொல்வது கஷ்டம்; கண் தெரியாத அவர்தான் என் கையைப் பிடித்து டிராமில் ஏற்றினார். பாதி வழியில் டிராமின் மேல் கொம்பு கம்பியைவிட்டு நழுவியது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்து, பட்டம் விடுகிறவர் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே மாட்டினார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் டிரைவரின் பரம்பரையையே இழுப்பார்கள். இங்கே ஒருத்தரும் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டிராமிலும் தெருவிலும் பத்து பேராவது "சுந்தர்தா, சுந்தர்தா", அதாவது சுந்தரம் அண்ணா, என்று அண்ணனைக் கூப்பிட்டார்கள். கண்ணைப் பற்றி விசாரித்தார்கள். செருப்பு வாங்கிக்கொண்டு ஒரு தமிழ்க் கடைக்குப் போனோம், காப்பிப் பொடியும் அப்பளமும் வாங்க. கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். நான் ஊரிலிருந்து வருகிறேன் என்றதும் கல்லாவைவிட்டு எழுந்துவிட்டார்.

"ஊருல மழை உண்டா? ஆத்துல தண்ணி போகுதா? நானும் அடுத்த தீவாளிக்கு மூட்டையக் கட்டிருதேன். போதும் இந்த ஊரு."

"பதினெட்டு வருஷமா இதைத்தான் சொல்றார்" என்றார் அண்ணன்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அப்பளத்தை எடுக்கத் திரும்பினார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டுவிட்டேன்.

"வாங்கண்ணே. தப்பாத்தான் எழுதினீங்க, இருக்கட்டும். அந்தத் தப்பையே நிஜமாக்கிடுங்க. ரூம் இருக்கு, கட்டில் இருக்கு, கல்லுல கட்டம்கூடச் செதுக்கி வச்சிருக்கேன்."

 அண்ணன் கடையைவிட்டு வெளியே வந்து, கூட்டத்தில் ஒதுங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார்.

"மணி, இந்தத் தெருவில கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். எத்தனை படி, எங்கே மேடு எல்லாம் தெரியும். நம்ம ஊர்ல உன்னைத் தவிர யாருக்குடா என்னைத் தெரியும்? மாலதிக்கு அம்மாவும் இல்லை. நான் வேணா ஒண்ணு சொல்றேன், கோபப்படாதே. நீ இங்கே வந்துடேன்."

"நானா? நல்லா இருக்கே! எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு. மாடு கன்னை யார் பார்க்கிறது? அங்கே ஊருக்கே என்னைத் தெரியும்ணே."

"அதைத்தான்டா நானும் சொல்றேன்."

 திரும்பி வரும்போது டிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. கூட்டமான கூட்டம், ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில். அத்தனை ஜனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, என் கிராமத்து வீட்டில் சாயங்காலம் எப்படி இருக்குமோ அப்படித் தனியாக இருந்தேன். அண்ணன் கை என் தோளில்தான் இருந்தது. இருந்து என்ன?

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடியில் ஊர்க் கட்டத்தைக் கரியால் போட்டேன். ஊரிலிருந்து கொண்டுபோன மூன்று கழற்சிக்காயையும் புளியங்கொட்டையையும் எடுத்து வைத்தேன்.

"அந்த ஆட்டத்தை இங்கேயே முடிச்சிடலாமாண்ணே?"

"சேச்சே, அது கார்டு ஆட்டம். கார்டிலதான் முடியணும். இது புதுசு."

கழற்சிக்காயைக் கையில் வாங்கியதும் அண்ணன் அதைக் கன்னத்தில் வைத்து உருட்டினார். சின்ன வயசில் அதைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி என் தொடையில் வைத்து அலறவிடுவார். இப்போதும் சும்மா இருப்பாரா? திடீரென்று குனிந்து தரையில் பரபரவென்று தேய்த்து என் முழங்காலில் வைத்தார். "ஐயோ!" என்று நான் கத்தியதில் கோஷ் பாபு மாடிக்கே ஓடி வந்துவிட்டார். மாலதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐம்பத்தைந்து வயசுக் கம்பவுண்டர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

ஆடினோம். அண்ணன் ஒவ்வொரு புள்ளியாக விரலால் தடவிப் பார்த்து ஆட்டை வைத்தார். கோஷ் பாபுவுக்கு மூன்றாவது புலி ஏன் என்று கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அண்ணன் விரல் தப்பான புள்ளிக்குப் போனால், சத்தமில்லாமல் அதைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்திவிட்டார். பார்த்துக்கொண்டே இருந்தேன். தினமும் இதை இவர் செய்கிறார் போலிருக்கிறது. இந்த மனுஷன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? பொறாமை மட்டும் போகவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் என் மூன்று புலியையும் அண்ணன் அடைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஹௌரா. வரவேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் மாலதி கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம்வரை வந்துவிட்டார். கழற்சிக்காய் மூன்றையும் அவர் ஜிப்பாப் பையில் போட்டேன். வண்டி கிளம்ப விசில் ஊதியது. நான் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். என் பக்கத்து சீட் காலி.

"போறேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நம் ஜனங்கள் யாருமே சொல்ல மாட்டார்கள். வேண்டுமென்றேதான் சொன்னேன். அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. ஜன்னல் கம்பியைத் தேடிப் பிடித்தார்.

"அப்படிச் சொல்லாதேடா. வரேன்னு சொல்லு."

"சொன்னா? வெள்ளையடிச்சு, கட்டில் போட்டு, நாலு மாசம் காத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மணி, சொல்லுடா."

வண்டி நகர்ந்தது. நான் சொல்லவில்லை. அவர் கம்பியைப் பிடித்தபடி நாலு எட்டு கூட நடந்தார். மாலதி பயந்து போய் அவரை இழுத்து நிறுத்தினாள். வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல், அவர் வேறு பக்கம் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது கடைசியாகத் தெரிந்தது.

பாவி, ஒரு வார்த்தை! சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? என்னை நானே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும், வண்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். சாந்த்ராகாச்சி. அதே சிக்னல், அதே போர்டு. காளிகாட்டு போஸ்டாபீஸில் வாங்கி வைத்திருந்த கார்டு பையில் இருந்தது. எடுத்தேன். நான்கு மாதமாகப் பாக்கி வைத்திருக்கிற என் முறை.

ஒன்பதில் நிற்கிற ஆட்டை வெட்டியிருக்கலாம். வெட்டினால் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். புலியை வேறு பக்கம் நகர்த்தி, 'புலி ஆறு' என்று எழுதினேன். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் தெரியவில்லை. சிக்னல் விழுந்து வண்டி அசைந்தபோது, மாலதி படிக்க வேண்டுமே என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்: வருகிறேன்.

உத்தரவு வாங்கிக்கொள்வதற்கா, மூன்று வருஷம் கழித்து மூட்டையைக் கட்டுவதற்கா என்று அவர் கேட்டால் எனக்கே பதில் தெரியாது. எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். கரக்பூரில் வண்டி நின்றதும் இறங்கி ஓடிப்போய் அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.